நாடற்றவர் ஆக்கப்பட்ட விதம்: மலையகத் தமிழரும் மூன்று பெரும்பான்மைகளும்

இலங்கையின் தேர்தல் சட்டம் 1949இல் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று ஆனபிறகு, ருவன்வெல்லைத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்ற இந்திய வம்சாவளித் தமிழர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டார். அவர் பிரஜை அல்லர் என்று கூறிப் பதிவு அலுவலர் மறுத்தார். முதல் விசாரணையில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1951இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் அந்த ரத்தை உறுதிசெய்தது. ஒரு தனி மனிதரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறுவதா வேண்டாமா என்பதே வழக்கு. ஆனால் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களுமான பல லட்சம் மலையகத் தமிழரின் நிலை அந்த ஒரு பெயரோடு சேர்ந்து முடிவாயிற்று.

பெரும்பான்மைப் பண்பாட்டுக்கும் சிறுபான்மைக்கும் இடையே பகைமை எப்படி உருவாகிறது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் கலவரத்தையும் வசவையும்தான் எடுத்துக்கொள்கிறோம். இந்த வழக்கில் அவை இரண்டும் இல்லை. அப்போது நடப்பிலிருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று தடைவிதித்திருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமோ எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லை. தந்தை இலங்கையில் பிறந்தவரா, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்களா என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டது. ஆகவே இது பாகுபாடு அன்று என்றது நீதிமன்றம். பிரிவி கவுன்சில் இன்னும் ஓர் அடி மேலே சென்றது: இடம்பெயர்ந்து திரியும் வழக்கம் கொண்ட மக்கள் என்பதால் இவர்கள் குடியுரிமைக்குத் தகுந்தவர்களா என்ற கேள்வி எழுகிறது, அது அவர்களை ஒரு சமூகமாக வைத்துக் கேட்ட கேள்வி அல்ல என்பது அதன் வாதத்தின் சாரம்.

இந்த நிகழ்வின் கரு அந்த வாதத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. தோட்டம் நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டபோது அழைத்துவரப்பட்டு, தேவையில்லாதபோது திருப்பி அனுப்பப்பட்ட மக்களின் நிலைமை, அவர்களுடைய இயல்பு என்று மாற்றி எழுதப்பட்டது. வரவைத்தவன் செய்த காரியம், வந்தவனின் குணமாகிவிட்டது.

வந்த வழி

கம்பளைக்கு அருகில் சின்னப்பிட்டியவில் 1823இல் முதல் கோப்பித் தோட்டம் போடப்பட்டது என்பதை வைத்து, 2023ஐ மலையக மக்கள் தங்கள் வருகையின் 200ஆம் ஆண்டாகக் கொண்டனர். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, சேலம் ஆகிய பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பியவர்கள், ஊருக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பேச்சை நம்பிக் கிளம்பினார்கள். தோணியில் தலைமன்னார்க் கரை. அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடை. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். தொடக்கத்தில் கோப்பி அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடலாம். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்து, தேயிலை வந்தபிறகு அந்தக் கதை மாறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து வரும், வருடம் முழுக்க ஆள் வேண்டும். குடும்பமாக வந்து குடும்பமாகத் தங்கும் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. அதாவது “போய்விடுவார்கள்” என்ற பேச்சு பொய்யாகிப்போனது தேயிலை வந்த காலத்திலேயே. சட்டமோ அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிந்தி வந்து, அந்தப் பொய்யை மெய்யென்று எடுத்துக்கொண்டது.

அவர்கள் தங்கிய இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடுக்கப்பட்ட அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணை. அங்கேயோ உள்ளேயோ அடுப்பு. சுவருக்கு அப்பால் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். விடியுமுன் தப்பு அடித்து எழுப்புவார்கள். பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கணக்கில் ஏற்றுவார்கள். பெண்கள் கூடை கட்டி மலை ஏறுவார்கள். கிராமம் கீழே பள்ளத்தாக்கில், தோட்டம் மேலே மலையில். கீழே உள்ளவர்களுக்கும் மேலே உள்ளவர்களுக்கும் இடையே கடை, சந்தை, சில திருவிழாக்கள் தவிரப் பொதுவான தளம் எதுவும் இல்லாதபடி தோட்டம் அமைக்கப்பட்டிருந்தது. வெளியாள் உள்ளே வருவதையும் தோட்டத்தாள் வெளியே போவதையும் துரை கட்டுப்படுத்தினான். நூறு ஆண்டு பக்கத்தில் இருந்தும் அண்டை வீட்டார் ஆகாமல் போனதற்கு இரு பண்பாடுகளும் வேறு வேறு என்பதை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமன்று. அந்த வேலியைப் போட்டவன் மூன்றாமவன்.

கீழே இருந்தவர்களின் மனக்குறை

கண்டிச் சிங்கள விவசாயியின் மனக்குறை கற்பனையன்று. 1840இன் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும், காட்டை வெட்டி எரித்து மாறிமாறிப் பயிரிடும் சேனை நிலத்தையும் அரசுடைமை ஆக்கி, அவற்றைத் தோட்டக்காரர்களுக்கு விற்க வழிசெய்தது. மாடு மேய்த்த மேடும், சேனைப்பயிர் செய்த சரிவும் கையைவிட்டுப் போயின. நிலத்தைப் பறித்த கம்பெனியின் முதலாளி லண்டனில் இருந்தார், கிராமத்தான் கண்ணில் படமாட்டார். கண்ணில் பட்டவர், அந்த நிலத்தில் கூடையோடு நின்ற தமிழ்ப் பெண். பறித்தவனுக்கும் பறிக்கப்பட்டவனுக்கும் நடுவே கூலிக்கு நின்றவள் மீது கோபம் இறங்கியது.

1930களின் பொருளாதார மந்தம் அதைக் கூர்மையாக்கியது. கொழும்பில் அதுவரை இந்தியத் தொழிலாளரையும் சேர்த்துச் சங்கம் நடத்திய ஏ. ஈ. குணசிங்க, வேலை சுருங்கியதும் மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பினார். 1939இல் அரசுத் துறைகளில் நாட்கூலியாக இருந்த இந்தியர்களை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. நேரு இலங்கைக்கு வந்து பேசிப் பார்த்தார். இலங்கையிலிருந்த இந்தியரின் அரசியல் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்போதுதான் உருவானது. இந்தியா தன் பங்குக்குக் கூலியாட்கள் இலங்கைக்குப் போவதையே தடைசெய்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தடை விழுந்த பிறகு புதிதாக ஆள் வருவது ஏறத்தாழ நின்றுவிட்டது. 1948இல் குடியுரிமை இழந்தவர்களில் கணிசமானோர் மலையிலேயே பிறந்தவர்கள். “வந்துகொண்டே இருக்கிறார்கள்” என்ற அச்சம் உச்சத்தைத் தொட்டது, வருகை நின்ற பிறகுதான்.

அச்சத்துக்கு ஓர் எண்ணும் கிடைத்தது. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் எனலாம். 1947 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த 95 ஆசனங்களில் ஏழை இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. அதற்கு வெளியேயும் பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் கட்சிக்குக் கிராமத்து மனக்குறையும் இடதுசாரிப் பயமும் ஒரே இடத்தில் சந்தித்தன. கண்டி விவசாயிக்கு அவனுடைய நிலம் திரும்பக் கிடைக்கவில்லை; தோட்டங்கள் கம்பெனிகளிடமே இருந்தன. அவனுக்குக் கிடைத்தது, மேலே இருப்பவனுக்கு வாக்கு இல்லை என்ற திருப்தி மட்டுமே. சுதந்திரம் வந்த அதே ஆண்டில், 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது.

படிவத்தின் பாரம்

அடுத்து வந்த 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் கதவைத் திறந்ததுபோல் தோன்றும். மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். நிரூபிப்பது எப்படி? கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர், வேலைக்கு வந்தவர்களின் கணக்கான தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் தம் பெயர் இருந்ததைக் காட்ட வேண்டும். தோட்டம் கைமாறியிருக்கும், புத்தகம் கரையான் தின்றிருக்கும், பெரிய கங்காணி எழுதிவைத்த பெயர் ஒன்றாகவும் பிள்ளையின் பிறப்புப் பதிவில் உள்ள பெயர் வேறாகவும் இருக்கும். குலதெய்வத்துக்கு நேர்ந்த கடனை முடிக்கவோ, தங்கைக்குக் கலியாணம் செய்யவோ ஊருக்குப் போய் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே இருந்ததையும் காட்ட வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு போனது கூடக் கேள்விக்குரியது. பெரும்பான்மையோரில் எவரும் இத்தகைய கேள்விக்கு உட்பட்டதில்லை. அவர்களில் பாதிப் பேரிடம் பாட்டனின் பிறப்புச் சான்று கேட்டிருந்தால் காட்டியிருக்க முடியாது, ஆனால் யாரும் கேட்கவில்லை.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் தலைமை முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்துவிட்டு, இரண்டாண்டுக் கெடு முடியும் தறுவாயில் மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி நேர அவசரத்தில் பிழையான படிவங்கள் குவிந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அந்த மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. சத்தியாக்கிரகம் நடந்தது. ஒன்றும் அசையவில்லை.

இரண்டாவது பெரும்பான்மை

மொழியால் ஒன்றுபட்ட வடக்கு என்ன செய்தது என்பது தமிழ் வாசகர் தவிர்க்க விரும்பும் பகுதி. தமிழ்க் காங்கிரசின் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அடுத்து அமைச்சரவையில் சேர்ந்தபின் வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். இதை ஏற்காமல் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று அவர்களுக்கு, நாளை மொழியின் பெயரால் நமக்கு என்ற அவருடைய எச்சரிக்கை, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த 1956இல் பலித்தது. கட்சிகளின் நிலைப்பாடு இப்படி இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக்குள் பேசிய பேச்சு பிரியவில்லை. யாழ்ப்பாணத்தில் “வடக்கத்தியான்” என்றால் கடலுக்கு வடக்கேயிருந்து வந்தவன், “தோட்டக்காட்டான்” என்றால் நாகரிகம் தெரியாதவன், “கள்ளத்தோணி” என்றால் உரிமையில்லாமல் வந்தவன். மூன்று சொல்லும் ஒரே ஆளைக் குறித்தன. யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கு இந்த மக்களைத் தன் அடுக்கின் அடியில் வைத்தது. வீட்டு வேலைக்கு மலையகத்துச் சிறுவர்களை அழைத்துவந்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே மொழி, ஒரே சாமி, வேறு வேறு கோப்பை.

1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி மலையகத்தார் பலர் வவுனியா, கிளிநொச்சி பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். இன எல்லை தாண்டிப் பாதுகாப்புத் தேடிவந்த அவர்களைத் தம்மவர் என்று வரவேற்றவர்களும் உண்டு. ஆனாலும் காணிக்கு உரிமை, கிணற்றுக்கு உரிமை என்று வந்தபோது பழைய சொல் மறுபடி வெளியே வந்தது.

மூன்றாவது

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தது. 1974இல் அந்த மிச்சத்தை இரு நாடுகளும் 75 ஆயிரம் வீதம் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. எண்ணைப் பேசி முடித்தபிறகுதான் ஆளைக் கேட்டார்கள்.

பிரிந்து போகிறவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் “ஒப்பாரிக் கோச்சி” என்று பெயர். அண்ணன் இலங்கைப் பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை என்று ஒரே லயத்துக்குள் காகிதம் பிரிந்திருந்தது. பெட்டி நகரும்போது நடைமேடையில் ஓடிவருகிறவர்களின் அழுகைதான் அந்தப் பெயரைக் கொடுத்தது. கப்பல் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவாகி, “தாயகம் திரும்பியோர்” என்ற அரசு முத்திரையோடு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவைப் பார்த்ததே அன்றுதான்.

நீலகிரியில் அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்று டான்டீ என்று சொல்லப்படுபவை, 1968 முதல் உருவாக்கப்பட்டன. நான் கோத்தகிரிப் பக்கத்தில் வளர்ந்தவன். என் வகுப்பில் பாதிப் பேர் சிலோன் வீட்டுப் பிள்ளைகள். “சிலோன்காரப் பயலுக” என்ற சொல் எங்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கியது. ஆசிரியர் ஒருவர் வருகைப் பதிவு எடுக்கும்போதே அப்படித்தான் கூப்பிடுவார். அதில் ஏதும் தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் அந்தத் தோழர்களில் ஒருவனின் பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பிஸ்கட் டின்னிலிருந்து முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். ஈரம் பட்டு ஓரம் கரைந்த படத்தில் ஏழு தலைகள். “அங்க இருந்தப்ப இந்தியாக்காரின்னு சொன்னாங்க தம்பி, இங்க வந்தா சிலோன்காரின்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல, அதான் சங்கடம்” என்றார். அந்த அட்டையை வைத்துப் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. எந்த ஊர், எந்தக் கிராம நிர்வாக அலுவலர் எல்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. ருவன்வெல்லை அலுவலர் கேட்டதும் அந்தக் கேள்வியின் வேறொரு வடிவமே.

நீலகிரியில் ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவர்களுக்கு, புதிதாக வந்தவர்கள் காட்டை எடுத்துக்கொண்டார்கள், கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்ற குறை இருந்தது. கண்டி மேட்டில் நூறு ஆண்டுக்கு முன் பேசிய பேச்சு அச்சு மாறாமல் இங்கே தமிழில் கேட்டது.

வட்டம்

இதில் காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது சிரமம். வாக்கு இல்லாதவரின் வாசலுக்கு அரசியல்வாதி வரமாட்டார். அவர் வராததால் சாலை இல்லை, பள்ளி உயரவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். படிப்பு இல்லாததால் அடுத்த தலைமுறையும் கொழுந்துக்கே போனது. அதைப் பார்த்தவர்கள், “அவர்களுக்கு அதற்குமேல் ஆசையில்லை” என்றார்கள். குடியுரிமை திரும்பிவந்த பிறகும் இந்த வட்டம் உடனே அறுபடவில்லை. உள்ளாட்சிக்கான 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் பணம் செலவாவதற்குத் தடையாக இருந்தது; தோட்டத்தார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே தம் லயத்துக்குப் பாதை போட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தேதி கடந்து கைக்கு வருவது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இனவெறுப்பு கொண்ட ஒருவர்கூட அந்தக் கடிதத்தைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

குடியுரிமை மீண்டது தவணை தவணையாக. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் வென்று நாடாளுமன்றம் திரும்பினார். 1986, 1988 சட்டங்களும், கடைசியாக 2003இன் சட்டமும் எஞ்சிய நாடற்றவர்களைப் பிரஜைகள் ஆக்கின. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனதால் போக முடியாமல் லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் பலருக்கு அந்தக் கடைசிச் சட்டம்தான் நாடு கொடுத்தது. பறிப்பதற்குச் சில மாதமும் திருப்பித் தருவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டும் ஆயின.

மக்கள் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் இரண்டு கட்டங்கள் 1911 முதல் வந்தன. 2012இல் இரண்டாவது கட்டத்தில் பதிவானவர்கள் சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம் பேர். 1981இல் இருந்த எண்ணைவிடச் சிறிதே கூடுதல். இடையில் பலர் இந்தியா போனது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மலையக ஆசிரியர்களிடம் பேசினால் சொல்வார்கள். கணக்கெடுக்க வந்தவர் பேனாவைத் திறந்து “இந்தியத் தமிழர்தானே?” என்று கேட்கும்போது, தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்துவிட்டு, “இலங்கைத் தமிழர்னு போடுங்க ஐயா” என்கிறான்.